சுண்டெலியும் கடற்பஞ்சும்: ஒப்பிட்டு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஒப்பிடுக’ என்று கேள்வி வந்தாலே கை தானாக நடுவில் ஒரு கோடு போட்டுவிடும். இடப்பக்கம் சுண்டெலி, வலப்பக்கம் கடற்பஞ்சு, அதாவது ஸ்பாஞ்ச் என்ற கடல்விலங்கு. மூளை: உண்டு, இல்லை. இதயம்: உண்டு, இல்லை. கண், காது, வாய், குடல், வால்: உண்டு, இல்லை. பத்து வரி போவதற்குள் வலப்பக்கம் முழுக்க ‘இல்லை’ நிரம்பிவிடும். அப்படி ஒரு அட்டவணையை நானும் எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதைப் படிக்கிறவருக்குக் கடற்பஞ்சைப் பற்றி ஒரு விஷயமும் தெரியவராது. கடற்பஞ்சு இருந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தாலும் அதே அட்டவணைதான் வந்திருக்கும்.

இங்கே நான் சொல்லப்போகும் முறை வேறு. உறுப்பை விட்டுவிடுங்கள், வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கிற எதுவும் சாப்பிட வேண்டும், ஆக்சிஜன் வாங்க வேண்டும், கழிவைத் தள்ள வேண்டும், ஆபத்தை உணர வேண்டும், தன்னுடையது எது அந்நியம் எது என்று பிரிக்க வேண்டும், அடுத்த தலைமுறையை உண்டாக்க வேண்டும். சுண்டெலி இதையெல்லாம் எப்படிச் செய்கிறது, கடற்பஞ்சு எப்படிச் செய்கிறது? இப்படிக் கேட்டால் இரண்டு பக்கமும் எழுத விஷயம் கிடைக்கும்.

முதல் படி: யாரை ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

‘எலி’ என்று மட்டும் எழுதினால் போதாது. சுண்டெலி என்றால் அறிவியல் பெயரில் மஸ் மஸ்குலஸ், 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டது, எடை சுமார் 20 கிராம். பழுப்பு எலி வேறு, அது ராட்டஸ் நார்வெஜிகஸ். சுண்டெலியைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடை போடும். இரண்டின் எண்களையும் கலந்துவிட்டால் கட்டுரை அங்கேயே ஆட்டம் காணும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் உண்டு: மூஞ்சூறு. பார்வைக்கு எலி மாதிரி இருக்கும், பேச்சிலும் எலியோடு சேர்த்துவிடுகிறோம். ஆனால் அது கொறித்துண்ணி கிடையாது, பூச்சி தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. அணில் கொறித்துண்ணி. முயல் கொறித்துண்ணி இல்லை; அதன் மேல்தாடையில் பெரிய வெட்டுப்பற்களுக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு ஜோடி ஒளிந்திருக்கும். கொறித்துண்ணிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, அவ்வளவுதான்.

கடற்பஞ்சிலும் இதே கவனம் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தது. குளிக்கப் பயன்படுத்தும் இயற்கை ஸ்பாஞ்ச் விலங்கிலிருந்து வந்தது என்றாலும், கையில் இருப்பது செல்களெல்லாம் போய் மிஞ்சிய நார்க்கூடு மட்டும். கடையில் வாங்கிய அந்தக் கூட்டைப் பார்த்து ‘கடற்பஞ்சு மென்மையானது, மஞ்சள் நிறமானது’ என்று எழுதுவது, எலும்புக்கூட்டைப் பார்த்து ‘எலி வெள்ளை நிறம்’ என்று எழுதுவது போலத்தான்.

கடற்பஞ்சுகளில் 9,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதன்மையாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது ஆம்பிமெடான் குயின்ஸ்லாண்டிகா: ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழ்வது, 2006-இல் பெயர் பெற்றது, கடற்பஞ்சுகளிலேயே முதலில் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. வேறு இனத்திலிருந்து ஒரு தகவலை எடுத்தால், அந்த இனத்தின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: உறவை முதலில் வரையுங்கள்

ஒரு தாளில் மரம் மாதிரி இரண்டு கிளை போடுங்கள். ஒரு கிளை நுனியில் சுண்டெலி: முதுகுநாணி, பாலூட்டி, கொறித்துண்ணி. இன்னொரு நுனியில் கடற்பஞ்சு: துளையுடலிகள் தொகுதி. இரண்டு கிளையும் பிரியும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி 60 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது.

இந்தப் படத்தின் பயன் ஒன்றே ஒன்று. கடற்பஞ்சு சுண்டெலிக்குப் பாட்டி இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டும் அந்தப் புள்ளியிலிருந்து ஒரே அளவு காலம் நடந்து வந்து இன்றைக்கு நிற்கின்றன. ‘கடற்பஞ்சிலிருந்து எலி வந்தது’, ‘கடற்பஞ்சு வளர்ச்சி அடையாத விலங்கு’ என்ற வாக்கியங்கள் விடைத்தாள்களில் ஓயாமல் வரும். படம் வரைந்தவர்கள் அதை எழுத மாட்டார்கள்.

விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லிகள் என்ற கண்ணாடி போன்ற கடல்விலங்குகளா என்று 2008 முதல் காரசாரமாக விவாதம் நடக்கிறது. 2023-இல் வெளியான ஒரு குரோமோசோம் ஆய்வு சீப்பு ஜெல்லிகள் பக்கம் சாய்ந்தது. ஆகவே ‘முதல் விலங்கு’ என்ற பட்டத்தைக் கடற்பஞ்சுக்குக் கட்டிவிடாதீர்கள். ‘மிக முன்பே பிரிந்த கிளைகளில் ஒன்று’ என்றால் எந்தச் சிக்கலும் இல்லை.

மூன்றாம் படி: குழாய் வேலையிலிருந்து தொடங்குங்கள்

முழு ஒப்பீட்டிலும் வளமான பகுதி இதுதான். கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கை இதற்கே கொடுக்கலாம்.

1820-களில் ராபர்ட் கிரான்ட் என்ற ஸ்காட்லாந்து உயிரியலாளர் ஒரு கடற்பஞ்சின் சிறு கிளையைக் கடல்நீரோடு கண்ணாடிக் கிண்ணியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரு துளையிலிருந்து நீர் ஊற்று போலப் பீறிட்டுக்கொண்டே இருந்தது. கடற்பஞ்சு செடியா விலங்கா என்று அலைமோதிய காலம் அது. துளையுள்ளது என்று பொருள்படும் போரிஃபெரா என்ற பெயரை 1836-இல் கொடுத்தவரும் அவரே. இன்று முக்குளிப்பவர்கள் உயிருள்ள கடற்பஞ்சின் பக்கவாட்டில் தீங்கில்லாத சாயத்தைக் கொஞ்சம் விட்டுப் பார்ப்பார்கள். சாயம் மெல்ல உடலுக்குள் இழுபட்டு மறையும். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் உச்சியிலுள்ள ஆஸ்குலம் என்ற பெரிய துளையிலிருந்து புகை மாதிரி சாயம் மேலே எழும்பும். இதை ஒருமுறை பார்த்தவர் கடற்பஞ்சைச் சும்மா கிடக்கும் பொருள் என்று சொல்லவே மாட்டார்.

உள்ளே என்ன நடக்கிறது? மேற்பரப்பில் ஏராளமான சிறு துளைகள். அவற்றின் வழியே வரும் நீர் கால்வாய்களாகக் கிளைபிரிந்து, மிகச் சிறிய அறைகளுக்குப் போகிறது. அறைச் சுவர்களில் காலர் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சாட்டை போல அசையும் ஒரு கசையிழை, அதைச் சுற்றி வேலி மாதிரி நுண்விரல்கள். கசையிழை அடித்துக்கொண்டே இருக்க நீர் நகர்கிறது. வேலியில் பாக்டீரியாக்கள் சிக்குகின்றன. செல் அவற்றை அப்படியே விழுங்கித் தனக்குள்ளேயே செரிக்கிறது. அதே நீரிலிருந்து ஆக்சிஜன் செல்களுக்குள் ஊடுருவுகிறது, அம்மோனியா வெளியே போகிறது. சில இனங்கள் ஒரு நாளில் தம் உடல் பருமனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை இப்படி ஓட்டுகின்றன.

இப்போது சுண்டெலி. அதற்கும் குழாய் அமைப்பு உண்டு, ஓடுவது இரத்தம். இதயம் நிமிடத்துக்கு 500 முதல் 700 முறை அடிக்கிறது. ‘ஒன்றுக்கு இதயம் உண்டு, மற்றதற்கு இல்லை’ என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு குழாய் அமைப்புகளும் ஒரே தந்திரத்தைக் கையாள்கின்றன. எலியின் பெருந்தமனியில் வேகமாகப் பாயும் இரத்தம் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய குழாய்களுக்குள் வந்ததும் தவழ ஆரம்பிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் தந்துகி மயிரிழையைவிட மெல்லியது. எல்லாத் தந்துகிகளின் குறுக்குப்பரப்பையும் கூட்டினால் தமனியைவிடப் பல மடங்கு அகலம். ஆறு விரிந்தால் ஓட்டம் தணியும், அதே கணக்கு. ஓட்டம் தணிந்தால்தான் ஆக்சிஜன் கைமாற நேரம் கிடைக்கும். கடற்பஞ்சின் அறைகளிலும் இதேதான்: அறைகளின் மொத்தப் பரப்பு மிக அதிகம், நீர் அங்கே தணிகிறது, காலர் செல்லுக்குப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. பிறகு எல்லாம் ஒரே குறுகிய ஆஸ்குலத்தில் சேரும்போது வேகம் கூடி, பயன்படுத்திய நீர் தூரமாக வீசப்படுகிறது. பக்கத்திலேயே கொட்டினால் தன் கழிவைத் தானே திரும்பக் குடிக்க நேரும்.

கசையிழையும் எலிக்குப் புதிதில்லை. அதன் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் குறுயிழைகளும், விந்தணுவின் வாலும், உள்ளே வெட்டிப் பார்த்தால் அதே அமைப்பு: சுற்றிலும் ஒன்பது ஜோடி நுண்குழல், நடுவில் இரண்டு. பொதுவான மூதாதையிடமிருந்து வந்த சொத்து இது. தந்துகித் தந்திரம் அப்படி வந்ததில்லை, இரண்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டது. எது மரபு, எது தற்செயல் ஒற்றுமை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொல் சேர்த்தால் கட்டுரையின் தரமே மாறிவிடும்.

நான்காம் படி: நரம்பு இல்லாமல் தும்மலாமா என்று கேளுங்கள்

சுண்டெலியின் மூளையில் சுமார் 7 கோடி நரம்புச் செல்கள். ஒவ்வொரு மீசை மயிருக்கும் மூளைப் புறணியில் தனித்தனியாக ஒரு திட்டு ஒதுக்கப்பட்டிருப்பதை 1970-இல் நுண்ணோக்கியில் கண்டு வெளியிட்டார்கள். இருட்டில் சுவரோரமாக ஓடும் எலி, பாதி உலகத்தை மீசையால்தான் பார்க்கிறது.

கடற்பஞ்சுக்கு ஒரு நரம்புச் செல்கூடக் கிடையாது. ஆனாலும் உள்ளே தூசி சேர்ந்தால் அது தும்முகிறது. கரீபியக் கடலில் குழாய் போல நிற்கும் அப்லிசினா ஆர்ச்செரி என்ற இனத்தில் இதைப் படம்பிடித்து 2022-இல் வெளியிட்டார்கள். சளி, நீர் உள்ளே வரும் சிறு துளைகள் வழியாகவே எதிர்நீச்சல் போட்டு வெளியே வந்து, மேற்பரப்பில் கட்டி கட்டியாகத் திரள்கிறது. உடல் சுருங்கி விரிகிறது, கட்டிகள் உதிர்கின்றன. மீன்கள் அதைத் தின்னக் காத்திருக்கின்றன. ஒரு தும்மல் முடிய அரை மணி நேர அளவில் ஆகும். எலியின் தும்மல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வேலை ஒன்றுதான், நரம்பு இருந்தால் கிடைப்பது வேகம். ‘நரம்பு மண்டலம்: உண்டு, இல்லை’ என்ற வரிக்குப் பதில் இந்த இரண்டு தும்மல்களை எழுதிப் பாருங்கள்.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் கடற்பஞ்சுகளில் செல்களுக்கு நடுவே சுவர் இல்லாமல் ஒன்றோடொன்று கலந்த திசு உண்டு. ராப்டோகாலிப்டஸ் என்ற இனத்தில் அந்தத் திசு வழியாக மின்சமிக்ஞை ஓடி, உடல் முழுவதிலும் நீரோட்டத்தை நிறுத்துவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, ‘கடற்பஞ்சுகளில் மின்சமிக்ஞையே இல்லை’ என்று மொத்தமாக எழுதிவிட முடியாது.

ஐந்தாம் படி: கடினப் பொருட்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்

எலியின் வெட்டுப்பல் ஒரு சிறிய பொறியியல் பாடம். முன்பக்கத்தில் மட்டும் எனாமல். அதில் இரும்பு கலந்திருப்பதால் மஞ்சள் ஆரஞ்சு நிறம். பின்பக்கம் டென்டைன் என்ற, எனாமலைவிட மென்மையான பற்பொருள். கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, முன்பக்கம் உளி விளிம்பு போல நிற்கும். சாணை பிடிக்கத் தேவையில்லை. பல் வாழ்நாள் முழுக்க வளரும், அதனால் கொறித்தே ஆக வேண்டும். வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே வெற்றிடம். மரத்தைக் கொறிக்கும்போது கன்னத்தின் உட்புறத்தை அந்த இடைவெளியில் மடித்து, சிராய் தொண்டைக்குப் போகாமல் தடுத்துக்கொள்ளும்.

கடற்பஞ்சின் கடினப் பொருள் நுண்முட்கள். ஆம்பிமெடான் போன்றவற்றில் இவை சிலிக்காவால் ஆனவை, அதாவது கண்ணாடிக்கு நெருங்கிய சொந்தம். கண்ணாடி செய்ய நமக்கு உலை வேண்டும். கடற்பஞ்சு சிலிக்காட்டீன் என்ற புரதத்தைக் கொண்டு குளிர்ந்த கடல்நீரிலேயே செய்துவிடுகிறது. வேறு சிலவற்றில் சுண்ணாம்பு முட்கள். குளியல் ஸ்பாஞ்சில் முள்ளே இல்லை, ஸ்பாஞ்சின் என்ற புரத நார் மட்டும். அதனால்தான் தோலைக் கீறாது. இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவில் கொலாஜன் என்ற புரதம் இரண்டு உடலிலும் செல்களுக்கு இடையே இருக்கிறது. எலியின் வால் தசைநாணும் கொலாஜன்தான்.

நேரில் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காட்டிலோ வீட்டிலோ கிடைக்கும் எலியைக் கையால் பிடிக்காதீர்கள், நோய் தொற்றும். கடலில் கடற்பஞ்சைத் தொடாதீர்கள்; சில இனங்கள் தோலில் கடும் எரிச்சல் உண்டாக்கும். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் கால்வாய்களில் காற்று புகுந்துகொள்ளும், அது அதற்கு ஆபத்து.

ஆறாம் படி: ‘நான்’ யார் என்று இரண்டிடமும் கேளுங்கள்

1907-இல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு சிவப்புக் கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். தனித்தனிச் செல்களாக நீரில் விழுந்தன. சற்று நேரத்தில் அவை ஊர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. நாளடைவில் கால்வாயும் அறையும் கொண்ட கடற்பஞ்சாக மறுபடி எழுந்தன. இரண்டு இனங்களின் செல்களைக் கலந்துவிட்டால் அவை இனம் இனமாகப் பிரிந்து சேர்ந்தன. சுண்டெலியை இப்படிச் செய்து பார்க்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதன் கல்லீரலில் பெரும்பகுதியை நீக்கினாலும் மீண்டும் வளரும், விரல் நுனி வெட்டுப்பட்டாலும் வளரும்.

இன்னும் நெருக்கமான ஒப்பீடு ஒட்டுத்திசுவில் இருக்கிறது. ஒரு சுண்டெலியின் தோலை வேறு வகைச் சுண்டெலிக்கு ஒட்டினால் உடல் அதை நிராகரித்துவிடும். இதற்குக் காரணமான மரபணுக்களைச் சுண்டெலிகளில் தேடிக் கண்ட ஜார்ஜ் ஸ்னெல் 1980-இல் நோபல் பரிசை மூவரில் ஒருவராகப் பகிர்ந்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1979-இல், ஹவாயில் காலிஸ்பாஞ்சியா டிஃப்யூசா என்ற கடற்பஞ்சின் இரண்டு துண்டுகளை ஒட்டிவைத்துச் சோதித்த முடிவு வெளியானது. ஒரே கடற்பஞ்சின் துண்டுகள் இணைந்தன. வேறு வேறு கடற்பஞ்சின் துண்டுகள் ஒன்றையொன்று மறுத்தன. இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் விரைவாக மறுத்தன. நரம்பும் இரத்தமும் இல்லாத உடலுக்கும் அந்நியரைத் தெரிகிறது.

ஏழாம் படி: பிறப்பு, ஆயுள் (சுருக்கமாக)

இங்கே பலரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், நாலு வரி போதும். சுண்டெலிக்குக் கருக்காலம் 19 முதல் 21 நாள், ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டு குட்டி, பிறக்கும்போது கண் திறந்திருக்காது, மயிர் இருக்காது. ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டு வாழும், வெளியில் ஓராண்டு தாண்டுவதே அபூர்வம். கடற்பஞ்சுகள் பல இருபாலி; பல இனங்களில் காலர் செல்களே விந்தணுவாக மாறி ஆஸ்குலம் வழியே புகையாக வெளியேற, பக்கத்துக் கடற்பஞ்சு அதை நீரோடு உள்ளிழுத்துக்கொள்ளும். பிறகு நீந்தும் இளம் உயிரி, ஒரு பாறை, அப்புறம் நகர்வே கிட்டத்தட்ட இல்லை. கரீபியக் கடலின் பீப்பாய்க் கடற்பஞ்சு ஒன்றுக்கு 2,300 வயது இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள்.

எட்டாம் படி: மரபணுவுக்கு வரும்போது அவசரப்படாதீர்கள்

சுண்டெலியின் மரபணுத் தொகுதி 2002-இல் வெளியானது, சுமார் 270 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். ஆம்பிமெடானுடையது 2010-இல் வெளியானது, சுமார் 16.7 கோடி. பதினாறு மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்து ‘எலிக்குப் பதினாறு மடங்கு மரபணு’ என்று எழுதிவிடத் தோன்றும். தவறு. புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் சுண்டெலியில் இருபதாயிரத்துச் சொச்சம். கடற்பஞ்சில் அதைவிடக் குறைவாகவெல்லாம் இல்லை, பிந்தைய கணக்கெடுப்பு 40,000 அளவைக் காட்டியது.

எண்ணிக்கையைவிடச் சுவையான விஷயம் வேறு. நரம்புச் செல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றின் மரபணுக்கள் ஆம்பிமெடானிடம் இருப்பதை 2007-இல் கண்டார்கள். நரம்பே இல்லாத விலங்கிடம்! 2020-இல் இன்னொரு சோதனை: மரபணுவை எங்கே இயக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு டி.என்.ஏ. துண்டைக் கடற்பஞ்சிலிருந்து எடுத்து, வரிக்குதிரை மீனிலும் சுண்டெலியின் கருவிலும் வைத்தார்கள். எழுத்து வரிசையில் எந்த ஒற்றுமையும் தெரியாத அந்தத் துண்டு, அங்கேயும் குறிப்பிட்ட செல் வகைகளில் வேலை செய்தது. உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு பத்திக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் இதையே எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதியதைத் திருத்துங்கள்

வரைவை எடுத்து ‘இல்லை’ என்ற சொல்லை எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்கள் என்று வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ‘சரி, அப்புறம் எப்படிச் சமாளிக்கிறது?’ என்று கேட்டு வாக்கியத்தை நீட்டுங்கள். ‘கடற்பஞ்சுக்குக் குடல் இல்லை’ என்பது ‘கடற்பஞ்சில் ஒவ்வொரு காலர் செல்லும் தானே பிடித்துத் தானே செரிக்கிறது, எலியில் குடல் செரித்துக் கொடுப்பதை மற்ற செல்கள் வாங்கிக்கொள்கின்றன’ என்று ஆகும். அடுத்து ‘எளிமையான’, ‘கீழ்நிலை’, ‘மேம்பட்ட’ என்ற சொற்களை அடித்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாக்கியம் எந்தக் குறையும் இல்லாமல் நிற்கும்.

இடம் மிஞ்சினால், இரண்டும் ஒரே கதையில் வரும் இந்த நிகழ்வைக் கடைசிப் பத்தியாக வைக்கலாம். 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃபுளோரிடா கடற்கரையில் எடுத்த ஒரு கடற்பஞ்சில், டி.என்.ஏ. எழுத்துகளைப் போலவே இருந்தாலும் சர்க்கரை மட்டும் மாறிய பொருட்களைக் கண்டார். அந்த வடிவத்தைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கியது சைட்டராபின். 1961-இல் அது சுண்டெலிகளின் இரத்தப் புற்றுநோயை எதிர்ப்பதாக அறிக்கை வெளிவந்தது. 1969-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் அதை நோயாளிகளுக்கு ஏற்றுகிறார்கள்.